சீனி தூவிய மங்குஸ்தான்

விளிம்பில் நீலக்கோடு போட்ட வெள்ளை எனாமல் கிண்ணம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் விரல்நுனி அளவுக்குப் பூச்சு உதிர்ந்து கறுப்பாகத் தெரியும். என் மகள் அதைப் பலமுறை குப்பைக்கு அனுப்பப் பார்த்தாள், நான் விடவில்லை. மங்குஸ்தான் காலம் வந்தால் அந்தக் கிண்ணத்தைக் கழுவி, முதலில் வாங்கிய பழங்களை உடைத்துச் சுளைகளைப் போட்டு, மேலே சீனி தூவித் தின்பேன். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பழைய ஆட்கள் இதைப் படித்தால் என் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்க வருவார்கள். மங்குஸ்தானோடு சீனி சேர்ந்தால் விஷம், தின்றவர் பிழைக்க மாட்டார் என்று எங்களுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே சொல்லி வளர்த்திருந்தார்கள். கப்பலேறி வந்த என் சின்னம்மாவுக்கு அது தெரியாது.

அப்பாவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலை. தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அம்மா இறந்தபோது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு நான்கு. அடுத்த ஆண்டு அப்பா ஊருக்குப் போய் ஒருத்தியைக் கட்டிக் கூட்டிவந்தார். அவள்தான் சின்னம்மா. இருபது வயது தாண்டியிருக்காது. அவர் என்று மரியாதையாகத்தான் எழுத வேண்டும். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் என் பேத்தியைவிடச் சின்னவள், அவள் என்றுதான் வருகிறது. ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். மூத்தாள் பிள்ளைகளை எப்படி வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று ஊரே காவல் இருந்தது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் மனதைப் பிடிக்க அவள் கண்டுபிடித்த வழி பழம். இந்த நாட்டுப் பழங்களைக் கண்டு அவளுக்கே வாய் பிளந்துபோயிருந்தது. சாயங்காலம் அடுப்பு மூட்டுமுன் அரிவாள்மனையோடு உட்காருவாள். அன்னாசியை வட்டமாக நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தேய்ப்பாள். சின்ன வாழைப்பழங்களை மசித்துத் தேங்காய்ப்பூவும் வெல்லமும் சேர்த்து உருட்டுவாள். பப்பாளித் துண்டுகள்மேல் எலுமிச்சை பிழிவாள். தம்பியின் பங்கு மட்டும் அந்த எனாமல் கிண்ணத்தில் வரும். வந்த இரண்டு மாதத்தில் அவன் அவளை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். முதல் தடவை கூப்பிட்டபோது அவள் அரிவாள்மனையை விட்டு எழுந்து, உள்ளே போய், முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அழுதிருக்கிறாள் என்று அப்போது புரியவில்லை.

அந்த ஆண்டின் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. கிள்ளான் ஆறு பெருகி எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்குள் வந்தது. நாங்கள் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்துவிட்டுத் திரும்பியபோது அடுப்பு சேறாகிக் கிடந்தது. விறகெல்லாம் ஊறிப்போயிருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை. பின்பக்கத்துப் பழைய கிணற்றில்தான் எல்லோரும் மொண்டோம். காய்ச்சிக் குடிக்கச் சொன்னார், டாக்டருக்கு உதவியாக மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரெஸ்சர். எதை வைத்துக் காய்ச்சுவது? சமைக்க வழியில்லாத அந்த நாட்களில் சின்னம்மாவின் பழங்கள்தான் எங்கள் வயிற்றை நனைத்தன. எதிர்வீட்டு அக்காவின் பிள்ளைகளுக்கும் அவள்தான் மசித்துக் கொடுத்தாள்.

தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே வயிற்றுப்போக்கு. காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுத்ததில் வாயெல்லாம் கசந்து, எதைக் கொடுத்தாலும் தட்டிவிட்டான். அப்பா வேலை முடிந்து வரும்போது, ஸ்டேஷன் வாசலில் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, வந்த ஆள் ஒருவர் விற்ற மங்குஸ்தானை ஒரு கூடை வாங்கிவந்தார். அதைப் பார்த்ததும் தம்பி கையை நீட்டினான். மழைத்தண்ணீர் குடித்த பழம், சப்பென்று புளித்தது. முகத்தைச் சுளித்தான். சின்னம்மா பரண்மேல் நனையாமல் இருந்த சீனி டப்பாவை எடுத்துச் சுளைகள்மேல் தூவினாள். மூன்று நாளாக ஒன்றும் இறங்காத பிள்ளை கிண்ணத்தைக் காலி செய்தான். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. மறுநாள் மதியம் தம்பி போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்த எதிர்வீட்டு அக்கா மூலையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அடியில் சீனி பாகுபோல ஒட்டியிருந்தது, பக்கத்தில் ஊதா நிறத் தோல்கள். "ஐயோ, சீனியா போட்ட? சீனியா?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. தம்பிக்காக உண்மையாகவே அழுதவள். ஆனால் அந்த ஒரு வார்த்தை வரிசை முழுவதும் பரவியது. அப்பா கிண்ணத்தைத் தூக்கி முற்றத்தில் வீசினார். அந்தக் கறுப்பு வடு அப்போது விழுந்ததுதான். அதே வாரம் எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு குழந்தைகள் இறந்தன. அவை அந்த வாரம் மங்குஸ்தானைக் கண்ணாலும் பார்க்கவில்லை. டிரெஸ்சர் வீடு வீடாக வந்து, "தண்ணிதாம்மா, தண்ணிதான்" என்று தொண்டை வறளச் சொன்னார். அந்த வீடுகளில் அது தண்ணீர். எங்கள் வீட்டில் மட்டும் விஷம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். 

சின்னப்பிள்ளைக்குப் பெரிய காரியம் கிடையாது. எட்டாம் நாள் அவனுக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைத்தார்கள். பிஸ்கட், அவல், எதிர்வீட்டிலிருந்து வந்த அப்பம். சாம்பிராணி போடும் நேரத்தில் சின்னம்மா உள்ளிருந்து வந்தாள். அந்தக் கிண்ணம் அவள் கையில் இருந்தது. மங்குஸ்தான் சுளைகள், மேலே சீனி. இலை ஓரத்தில் வைத்தாள்.

"அவன் கடைசியா ஆசப்பட்டுத் தின்னது இதுதான். வேற என்னத்த வைக்கச் சொல்றீங்க?" என்றாள்.

 படைத்ததை வீட்டார் எடுத்துச் சாப்பிட வேண்டும். இலையில் இருந்ததெல்லாம் கைமாறிப் போயிற்று, கிண்ணம் மட்டும் அப்படியே இருந்தது. நான் கையை நீட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலித்தது. சின்னம்மா அதைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுளையாக, கொட்டையைக்கூடத் துப்பாமல் தின்றாள். அடியில் தங்கிய சாற்றையும் விரலால் வழித்து நக்கினாள். சாகத்தான் தின்றாளா, சாகமாட்டோம் என்று காட்டத் தின்றாளா, எனக்குத் தெரியாது. இரண்டில் எது நடந்தாலும் போதும் என்றுதான் இருந்திருப்பாள்.

மறுநாள் காலை வழக்கம்போல வாசல் கூட்டினாள். எனக்குத் துள்ளத் தோன்றியது. இனி எல்லோருக்கும் புரிந்துவிடும், சின்னம்மாவை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

"பெரிய ஆளுங்கள அது ஒண்ணும் செய்யாது. பச்சப்புள்ள குடலு தாங்குமா?"

"படையல்ல வச்சாள்ல? அந்தப் புள்ளயே விஷத்த எடுத்துக்கிச்சு."

"முறிவு மருந்து தின்னுட்டுத்தான் உக்காந்திருப்பா. தெரியாமலா செஞ்சா?"

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவள் செத்திருந்தால் விஷம் நிரூபணமாகியிருக்கும். பிழைத்ததனால் அவளே விஷமாகிவிட்டாள்.

அப்பா அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் கையால் சாப்பிடுவதை மட்டும் நிறுத்தினார். பழத்தை வாங்கிவந்தவர் அவர்தான். பழி அவளிடம் இல்லையென்றால் அது சுற்றிச் சுற்றித் தன்னிடம்தான் வரும் என்று பயந்தாரோ என்னவோ. ஒரு நாள், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "எதுக்கு வம்பு? கொஞ்ச நாள் ஊர்ல இருந்துட்டு வரட்டும்."

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு நானும் போனேன். நாகப்பட்டினம் போகும் கப்பல். வழிக்கு வைத்துக்கொள்ள அப்பா ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். அவள் அதிலிருந்து ஒன்றைப் பிய்த்து எனக்கு நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கையை மடக்கிப் பழத்தைத் துணிமூட்டைக்குள் வைத்துக்கொண்டாள். "நல்லா இரு கண்ணு" என்றாள். அதற்குப்பின் அவளைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. அப்பா அவளைத் திரும்ப அழைக்கவும் இல்லை, வேறு கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை.

கடைசிக் காலத்தில் அப்பா கிள்ளானில் என் வீட்டில்தான் படுத்திருந்தார். உணவு இறங்கவில்லை. மங்குஸ்தான் காலம். அதே கிண்ணத்தில் சீனி தூவி அவர் எதிரில் உட்கார்ந்து நான் பாதியைத் தின்றேன். "ஒரு சுளை, அப்பா" என்று நீட்டினேன். வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சாவுக்குப் பயப்படும் நிலையில் அவர் இல்லை. தின்றும் உயிரோடு இருந்துவிட்டால் சின்னம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவர் பயம்.

போன வாரம் மகள் மங்குஸ்தான் வாங்கிவந்தாள். கிண்ணத்தை எடுத்து வைத்து, சீனி டப்பாவைத் திறந்து தூவினேன். கொள்ளுப்பேரன் ஓடிவந்து கிண்ணத்துக்குள் கையை விடப் போனான். என் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கதை முழுவதும் அவளுக்குத் தெரியும். சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விஷமெல்லாம் இல்லன்னு எனக்குத் தெரியும்மா. இருந்தாலும் சின்னப்புள்ள, எதுக்கு வம்பு?" என்றாள்.

 கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு எல்லாச் சுளைகளையும் நானே தின்று முடித்தேன்.