தொடையிடுக்கில் கட்டிய நெறி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் கிறுக்கல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தூர்ப் பக்கம் தோட்டத்துக்கு வேலி அடைக்கும்போது பாதத்தில் கருவேல முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். சில நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டி, உருண்டையாக வீங்கியது. கூச்சமான இடம் என்பதால் யாரிடமும் காட்டாமல், விளக்கெண்ணெய் தடவி நானே அழுத்தி உருவினேன். வலி கூடியது; காய்ச்சலும் வந்தது. பாதம் வீங்கிய பிறகு என் மனைவி, "வெக்கப்பட்டே சாகப் போறீகளா?" என்று திட்டித் திண்டுக்கல்லுக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா பாதத்தைக் கீறினார். ஒடிந்த முள் நுனி சீழோடு வந்தது.

"அண்ணே, கிருமி மேல ஏறாம ரத்தத்து வெள்ளை அணுக்கள் கூடி நின்னு சண்டை போடுற இடந்தான் நெறி. நீங்க திருடனை விட்டுட்டுக் காவல்காரனைப் போட்டு மிதிச்சிருக்கீக. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா காலுக்கே ஆபத்து" என்றார்.

மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊசி மாத்திரையில் கால் பிழைத்தது. இப்போது நெறி கட்டினால் அதை உருவுவதில்லை. கீழே எங்கே புண் இருக்கிறது என்று தேடிப் பார்த்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இதை எழுதவும் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டு, ஒருவழியாக எழுதி முடித்த நாள் கார்த்திகை பத்து.