அத்தை உட்கார்ந்தால் ஓடும் கார்

இன்று காலை வேலைக்குக் கிளம்பி, காரில் உட்கார்ந்து பட்டனை அமுக்கினேன். ஓடவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திரையில், சாவியைக் காணோம் என்று இங்கிலீஷில் எழுத்து வந்தது. சாவி என் மடியில்தான் இருக்கிறது.

என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சாவிக்குள் இருக்கும் பொட்டு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது. அப்படித் தீர்ந்தாலும் சாவியைப் பட்டன் மேல் ஒட்டிவைத்து அமுக்கினால் வண்டி ஓடும். இதை எத்தனையோ பேருக்கு ஃபோனில் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவள், முதன்முதலாகக் காலேஜ் போனவள், முதன்முதலாகச் சொந்தச் சம்பாத்தியத்தில் கார் வாங்கியவளும் நான்தான். எங்கே போனாலும் இதை ஒரு தடவை சொல்லிவிடுவேன். உங்களிடமும் சொல்லியாகிவிட்டது, இனி நிம்மதியாக எழுதலாம்.

ஆனால் சாவியைப் பட்டன் மேல் வைக்க மனம் வரவில்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். காலி. அதன் மேல் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய மிளகுப் பொட்டலம் மட்டும் கிடந்தது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் மிளகு வாசம் சுற்றிச்சுற்றி வந்தது. கொல்லிமலைக்கு, எங்கள் அத்தைக்கு, ஃபோன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அத்தை எடுப்பதற்குள் உங்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

காலேஜ் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை நாமக்கல்லில் ஒரு சாவிக் கடையில். பூட்டுக்குச் சாவி போடுகிற கடை இல்லை. கார் சாவி தொலைந்தவர்கள் ஃபோன் செய்தால், வண்டி நிற்கும் இடத்துக்கே வேனில் போய் புதுச் சாவி செய்துகொடுக்கும் கடை. முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வேனுக்குள் சாவி வெட்டும் மெஷின், ஒரு பெட்டி நிறைய இன்னும் பல் வெட்டாத மொட்டைச் சாவிகள், காரோடு பேசுகிற ஒரு கையடக்க மெஷின். அந்தக் கடைசி மெஷினைப் பாய் தன் மூத்த மகனைப் போல அறிமுகப்படுத்துவார். ஃபோன் எடுப்பது என் வேலை. வண்டி என்ன மாடல், எங்கே நிற்கிறது, சாவி எப்படித் தொலைந்தது என்று கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்குத்தான் ஜனங்கள் மனம் திறப்பார்கள்.

ஒருமுறை எங்கள் மலையில் இருக்கும் வாசலூர்பட்டி படகு இல்லத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"சாவி ஏரில விழுந்துருச்சுங்க."

"எப்படிங்க விழுந்துச்சு?"

"ஊட்டுக்காரி வீசிட்டாங்க."

"ஏரியப் பாத்தா வீசினாங்க?"

"என்னயப் பாத்துத்தானுங்க வீசினா. நான் குனிஞ்சிட்டேன்."

இப்படி ஊரார் சாவிக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் வீட்டுக் கார் சாவியே தொலைந்தது.

அதற்கு முன் எங்கள் மலையில் சாவிக்கு என்ன மரியாதை இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு மரியாதையும் இல்லை. நான் படிக்கிற காலத்தில் எங்கள் திருப்புலி நாட்டில் (மலையில் ஊர்க்கூட்டத்துக்கு நாடு என்று பேர்) ஓடிய ஜீப்புகளுக்கு வயதாகி, சாவித் துளைகள் தேய்ந்து, எதை விட்டுத் திருகினாலும் ஓடும் நிலையில் இருந்தன. எங்கள் ஊர் ஜீப் ஒரு கரண்டிக் காம்பில் ஓடியது. அந்தக் கரண்டியைக் கொண்டுபோய்க் குண்டூர் நாட்டு ஜீப்பில் விட்டாலும் அது ஓடும். அவசரத்துக்கு யார் ஜீப்பையும் யாரும் எடுத்துக்கொண்டு போவார்கள், கொண்டுவந்து விடும்போது பின்னால் நாலு மரவள்ளிக் கிழங்கு கிடக்கும். வண்டி ஓடச் சாவி வேண்டும் என்பது எங்களுக்குச் சம்பிரதாயம் மாதிரிதான்.

அந்த ஜீப்புகளில் முன் இருக்கை ஆம்பளைகளுக்கு. பின்னால் கிழங்கு மூட்டை, ஆடு, அத்தை. இந்த வரிசையில்தான் ஏற்றுவார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடேயே இருந்தவள். சந்தையில் பழைய துணி விற்கிறவரிடம் வாங்கிய ஆம்பளைக் கோட்டு ஒன்றைச் சேலைக்கு மேலே போட்டிருப்பாள். முழங்கால் வரை நீளம், உள்ளே வழுவழுவென்று தனித் துணி வைத்துத் தைத்தது. மார்கழிக்கு வாங்கியதைச் சித்திரையிலும் கழற்ற மாட்டாள். "இது இல்லாட்டிக் கதவில்லாத ஊடு மாதிரி இருக்குதுடி" என்பாள்.

மிளகு நன்றாக விளைந்த ஒரு வருஷம், அப்பா சேலத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். பட்டன் கார். ஒரே சாவிதான் கொடுத்தார்கள். விற்றவர், "சாவியத் துளையில போட வேண்டியதில்லீங்க. பையில வெச்சுக்கிட்டு ஒக்காந்தாப் போதும்" என்று விளக்கியிருக்கிறார். அப்பாவின் காதில், 'ஒக்காந்தாப் போதும்' மட்டும் தங்கியது.

காரை ஊருக்குக் கொண்டுவந்து, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். உடைக்கும்போது அப்பா சாவியை அத்தையிடம் கொடுத்தார். அத்தை கோட்டுப் பாக்கெட்டில் போட்டாள். பிறகு கேட்டபோது பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை. அடியில் இரண்டு விரல் போகிற அளவு ஓட்டை. ஓட்டையை எல்லோரும் பார்த்தார்கள். தரையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். கோட்டை மட்டும் யாரும் உதறிப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர், "ஜீப்புக்கென்ன சாவியா இருக்குது? சும்மா அமுக்கிப் பாரு" என்றார். அத்தை வேடிக்கை பார்க்க முன்னால் ஏறி உட்கார்ந்தாள். அப்பா அமுக்கினார். கார் ஓடியது. சாவியை அத்தோடு மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அப்பா தனியாகப் போய் அமுக்கினார். ஓடவில்லை. நாலு பேர் தள்ளியும் ஓடவில்லை. என்ன சத்தம் என்று பார்க்க வந்த அத்தை ஏறி உட்கார்ந்தாள். ஓடியது. இறங்கினாள், மறுபடி அமுக்கினார்கள், அசையவில்லை. ஏறினாள். ஓடியது.

அன்று மாலை, டவர் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று அப்பா எனக்கு ஃபோன் செய்தார். "கண்ணு, சாவி தொலஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணும் பிரச்சன இல்ல. அத்த ஒக்காந்தா ஓடுது."

நான் படித்தவள் அல்லவா, சாவிக்குள் ரேடியோ அலை இருக்கிறது, அது காரைக் கூப்பிடும், எங்கேயோ பக்கத்தில்தான் சாவி கிடக்கிறது, தேடுங்கள் என்று பாடமே எடுத்தேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பாறைக்குக் கீழே நின்றவர்களிடம், "பாப்பாவும் அதையேதான் சொல்லுது. ஒடம்புல ரேடியோ ஓடுமாம் சில பேருக்கு" என்றார்.

அவ்வளவுதான். அத்தைக்கு ராசி வந்துவிட்டது. ஓடாத ஜீப்பில் உட்காரக் கூப்பிட்டார்கள். அது தற்செயலாக ஓடித் தொலைத்தது. தண்ணீர் மோட்டார் மேல் உட்கார வைத்தார்கள். அது ஓடவில்லை. "அதுக்கு மரியாத தெரியல" என்று இறங்கிவந்துவிட்டாள். ஒரு வீட்டில் மிக்சி. மிக்சி மேல் எப்படி உட்காருவது? கையை வைத்தாளாம்.

முக்கியமான விஷயம், கார் எங்கே போனாலும் அத்தை போனாள், அதுவும் முன் இருக்கையில். கால்நடையாகப் போகிற தூரத்தில் இருந்தும் அதுவரை பார்க்காத படகு இல்ல ஏரியைப் பார்த்தாள். எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல்லுக்கு வந்தாள். ஒரே கல்லாக ஊர் நடுவில் நிற்கும் மலையை வாய் பிளந்து பார்த்துவிட்டு, என் கடை வாசலில் காரை நிறுத்தச் சொல்லி, இறங்காமல் உள்ளேயிருந்தே கையாட்டினாள். நான் பாயிடம், "எங்க அத்தைங்க" என்றேன். "அமைச்சருன்னு நெனச்சேன்" என்றார் பாய்.

சில வாரம் கழித்து, அப்பா ஒரு கண்டுபிடிப்பு செய்தார். அத்தை பின்னால் உட்கார்ந்தாலும் கார் ஓடுகிறது. அன்றைக்கு மிளகு வியாபாரி ஒருவர் அடிவாரத்திலிருந்து வந்திருந்தார். அவரை முன்னால் உட்கார வைத்துவிட்டு, "அக்கா, நீ பின்னாடி ஏறிக்க" என்றார் அப்பா. அத்தை கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள். வாசலூர்பட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோது இறங்கினாள். எதிரே வந்த பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போய்விட்டாள்.

கார் ஏரிக்கரையிலேயே நின்றுவிட்டது. வியாபாரி சிறிது நேரம் பார்த்துவிட்டு, வந்ததற்கு என்று தனியாக ஒரு சுற்றுப் படகில் போய்விட்டு, அவரும் பஸ் ஏறினார்.

"கண்ணு, அத்த ஸ்ட்ரைக்கு பண்ணுது. கால்ல விழுந்துங்கூடப் பாத்துட்டேன், வரமாட்டேங்குது. உங்க பாயக் கூட்டீட்டு வா சாமி" என்றார் அப்பா. ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. சாவி இல்லாமல் ஓடுகிற காரா என்று பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊரு பூரா இப்படிக் கெளம்பிட்டா நாம கடைய மூடீட்டுப் போக வேண்டியதுதாம்மா" என்று மறுநாள் காலையிலேயே வேனை எடுத்தார்.

மலை வேலைக்கெல்லாம் வேறு ஆளைத்தான் அனுப்புவாராம், பாய் மலை ஏறியதே இல்லையாம். பத்தாவது வளைவில் பேச்சை நிறுத்தினார். இருபதாவது வளைவில் வேனை நிறுத்தினார். அதன் பிறகு எங்கெங்கே நிறுத்தினார் என்பதை அவர் மரியாதையைக் கருதிச் சொல்லவில்லை. ஏரிக்கரைக்கு வந்து இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது.

அங்கே எங்கள் ஊரே ஜீப் பிடித்து வந்திருந்தது. அத்தையும் வந்திருந்தாள். தான் இல்லாமல் எவன் ஓட்டுகிறான் என்று பார்க்க. அந்த ஜீப்பில் அவளைப் பின்னால்தான் ஏற்றியிருந்தார்கள், மூட்டைகளோடு. பாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையிலிருந்து நாலு மிளகை எடுத்து நீட்டினாள். "மென்னு முழுங்குங்க. வாந்தி நிக்கும்." நின்றது.

பாய் மெஷினைக் காரில் செருகினார். "உள்ள சாவி ஏதுமில்லனு காட்டுது" என்றார். ஊர் தலையாட்டியது. அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து சாரல் இறங்கியது. கோட்டு நனையக் கூடாது என்று அத்தை பின் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். மெஷின் கீ என்று கத்தியது.

"யா அல்லா!" என்றார் பாய்.

நான் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து கோட்டின் அடி ஓரத்தைத் தடவினேன். உள்துணிக்குள் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. நகராதபடி அதைச் சுற்றிச் சிவப்பு நூலில் தையல் போட்டிருந்தது. புதுத் தையல்.

"அத்தை," என்று குசுகுசுத்தேன், "இதுக்குள்ள..."

"தெரியும். கத்தாத."

"எப்பருந்து?"

"ரெண்டா நாளே. கட்டில்ல படுத்தேன், முதுகுல குத்துச்சு. நாந்தான் தச்சேன்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

அத்தை ஏரியைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா உங்கொப்பன் என்னையக் கூட்டீட்டுப் போயிருப்பானா? கடலைத் தவிர எல்லாம் பாத்துட்டேன் புள்ள. முன்னாடி ஒக்காந்து பாத்தாத்தான் ரோடு நம்மளப் பாத்து வருது. பின்னாடி ஒக்காந்தா எல்லாம் நம்மள உட்டுட்டுப் போவுது."

முன்னால் பாய் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டது. புதுச் சாவி பதியும்போது பழைய சாவி காருக்குள் இல்லையென்றால், அது செத்துப்போகும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். திரும்பாமலே மெல்லிய குரலில், "அம்மா எறங்க வேண்டாம், இருக்கட்டும். ரெண்டு சாவியாப் பதிஞ்சுடறேன். ஒண்ணு உங்கப்பாவுக்கு. ஒண்ணு கோட்டுக்கு" என்றார்.

வேலை முடிந்தது. அத்தையை இறக்கி, தூரத்தில் டீக்கடை வரை போகச் சொன்னார்கள். புதுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்பா பட்டனை அமுக்கினார். கார் ஓடியது. ஊரே திரும்பி டீக்கடையைப் பார்த்தது. முன் இருக்கை போச்சு, ராசியும் போச்சு, இனி மூட்டை, ஆடு, அத்தை.

அத்தை டீயை ஊதிக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "ஆமா, ஓடும். இங்கிருந்தே நெனச்சேன்."

ஊர் பாயைப் பார்த்தது. பாய் மெஷினை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "ஆமாங்க. மெஷின்லயும் அப்பிடித்தான் காட்டுது."

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தார். நடுவழியில், ஏதாவது ஒரு வளைவில், அக்கா நினைக்காமல் விட்டுவிட்டால்? இறங்கிவந்து முன் கதவைத் திறந்தார். "ஏறுக்கா."

அந்தக் கார் இருந்த வரைக்கும் அத்தைதான் முன்னால். வியாபாரிகள் பின்னால். ராமேஸ்வரம் போய்க் கடலையும் பார்த்துவிட்டாள். பிறகு காரை விற்றபோது, வாங்கியவர் இரண்டாவது சாவியைக் கேட்டார். "அது எப்பவோ தொலஞ்சுபோச்சு" என்றாள் அத்தை, கோட்டைப் போட்டுக்கொண்டே.

இப்போது மலையில் வீட்டுக்கு வீடு பட்டன் வண்டி. கரண்டியில் ஓடிய ஜீப்புகளை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். யாரும் யார் வண்டியையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. மோட்டார் ஓடவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள், யாரையும் உட்காரக் கூப்பிடுவதில்லை.

இதோ, அத்தை திரும்பக் கூப்பிடுகிறாள். எனக்கு வேண்டியதெல்லாம் 'நெனச்சுக்கறேன்' என்ற ஒரே வார்த்தை. சின்னப் பிள்ளை மாதிரி ஆசையோடு சொன்னேன்:

"அத்தை, காரு ஓடமாட்டேங்குது."

"சாவில பேட்டரி தீந்திருக்கும் கண்ணு. கடையில குடுத்து மாத்திக்க. வெச்சறட்டா? சீரியல் ஓடுது."

வைத்துவிட்டாள். சாவியைப் பட்டன் மேல் ஒட்டிவைத்து அமுக்கினேன். யாரும் நினைக்காமலே கார் ஓடியது.