ஸ்டெல்லாவின் தண்ணீர் டியூப்

செவ்வாய்க்கிழமை காலை, திண்டிவனத்தில் எங்கள் பரிசோதனைக்கூடத்தின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். முன்பு இங்கே என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லாவின் கணவர் விழுப்புரத்திலிருந்து போன் செய்தார். "மாலா, ஸ்டெல்லா போயிட்டாம்மா. நெஞ்சு வலின்னா, தூக்கிக்கினு ஓடனோம், வழியிலயே..." ஷட்டரை மறுபடி இழுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அவளுடைய தண்ணீர் டியூப் நினைவிருக்கும். கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். மெஷினில் நோயாளிகளின் மாதிரிகளோடு, மாதிரிக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட டியூப் ஒன்றையும் வைப்பாள். அதிலும் கிருமி தெரிந்தால் எங்கோ கலந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். நாங்கள் முகம் சுளிப்போம்.

எதற்கு இத்தனை சந்தேகம் என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டேன். "நம்ம உடம்புல செல்லு ரெண்டாவறதுக்கு முன்னாடி மொத்த டி.என்.ஏ.வையும் ஒரே ஒரு தடவதான் காப்பி எடுக்கும். எடுத்துக்கினு வரும்போதே தப்பு இருந்தா திரும்பிப் பாத்து திருத்திக்கும். மெஷினு அப்படியா? சூடு பண்ணிப் பிரிச்சி, நாம கேட்ட துண்ட மட்டும் பெருக்கிக்கினே போவும். பக்கத்து டியூப்புலேர்ந்து துளி தெறிச்சாலும் பெருக்கும். அதத் திரும்பிப் பாக்க நம்மள விட்டா யாரு இருக்கா?" என்றாள்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மதியம், மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வர, காசநோய் மாதிரிகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். மெஷினில் தண்ணீர் டியூப்புக்கான ஓர் இடம்தான் மிச்சம். திருவாமாத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். தண்ணீர் டியூப்பை விட்டுவிட்டு அங்கே அவருடைய மாதிரியை வைத்தேன். அன்று ஒரு புதுப்பெண்ணுக்குக் காசநோய் என்று ரிசல்ட் போனது. மாமியார் வீட்டார் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விழுப்புரத்தில் மறுபடி பரிசோதித்தபோது அவளுக்கு ஒன்றுமில்லை. வேறு மாதிரியிலிருந்து ஏதோ கலந்திருந்தது; தண்ணீர் டியூப் இருந்திருந்தால் அன்றே காட்டிக்கொடுத்திருக்கும்.

பரிசோதனைக்கூடத்தை நடத்தும் எங்கள் டாக்டர் அந்த நாளின் பதிவேட்டைப் புரட்டினார். காலையில் எழுதிய ஸ்டெல்லாவின் பெயர்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தாங்க சார் பண்ணேன்" என்றாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு இன்னும் வேல கன்ஃபார்ம் ஆவல. அப்பாவுக்கு டயாலிசிஸ் வேற. பேசாம இரு, அப்புறம் சொல்லிக்கலாம்." அன்றே அவளை நிறுத்திவிட்டார்கள். விழுப்புரத்தில் ரத்தம் எடுக்கிற வேலைதான் கிடைத்தது. பி.சி.ஆர். மெஷினை அவளிடம் யாரும் மறுபடி நம்பிக் கொடுக்கவில்லை.

எனக்கு வேலை நிரந்தரமானது. 'அப்புறம் சொல்லிக்கலாம்' என்பதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். போன பொங்கலுக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோதுகூட அவள் அதைக் கேட்கவில்லை. "மெஷினு நல்லா ஓடுதா?" என்று மட்டும் கேட்டாள்.

அடக்கத்துக்கு டாக்டரும் வந்திருந்தார். "நல்ல பொண்ணு. அந்த ஒரு தப்பு மட்டும் பண்ணாம இருந்திருந்தா..." என்று என்னிடம் சொன்னார். அப்போதும் நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்தபின் வெட்கம் தாங்காமல் இதை எழுதுகிறேன். டாக்டர் அவர்களே, எங்களோடு வேலை பார்த்தவர்களே, அந்தத் தப்பைச் செய்தவள் நான். ஸ்டெல்லாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது, நான் இன்றுவரை பார்த்துவரும் இந்த வேலை. அது அவளுடையது.