ரயிலில் ஒளிந்திருந்த ஞாயிற்றுக்கிழமை

அத்தையைப் பெண் பார்க்க யாராவது வரும் நாட்களில் அம்மாவும் அண்ணனும் நானும் பறக்கும் ரயிலில் இருப்போம். மந்தைவெளியில் ஏறி வேளச்சேரி வரை போவோம். அங்கே இறங்காமல் அதே பெட்டியில் உட்கார்ந்து கடற்கரைக்கு வருவோம். மறுபடியும் வேளச்சேரி. வந்தவர்கள் பஜ்ஜியும் கேசரியும் தின்று, காபி குடித்து, கிளம்பிவிட்டார்கள் என்று அப்பா போன் பண்ணும்வரைக்கும் இப்படியே போய்வந்துகொண்டிருப்போம். அவர்களிடம், பிள்ளைகளோடு அம்மா கோவில்பட்டிக்குப் போயிருப்பதாகச் சொல்லப்படும்.

இதெல்லாம் அண்ணனுக்காக. அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தேவைப்பட்டால் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவான். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். ஆட்டிசம் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அப்பா அதை வாயால் சொன்னதே இல்லை, 'அந்த இது' என்பார். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். குடத்தில் ஒடுக்கு விழுந்திருந்தால் அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைப்பார். வீட்டிலும் வேறெதுவும் செய்துவிடவில்லை.

முதலில் வந்த இரண்டு வரன்கள் அண்ணனைப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி, பதிலே இல்லை. "குடும்பத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னா, நாளைக்குப் பொண்ணுக்குப் பொறக்கறதும்..." என்று தரகர் பாதியிலேயே நிறுத்தினார். அத்தைக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ரயில்.

எனக்கு ஒன்பது வயது. அண்ணனைப் பார்த்துக்கொள்ள அம்மாவுக்கு ஒத்தாசையாக என்னையும் அனுப்புகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் ஒத்தாசை எப்படி இருக்கும் என்றால், கைப்பிடிகளில் வௌவால்போலத் தொங்குவேன், கதவோரம் போய் நிற்பேன், எதிரே இருப்பவரிடம் அவர் வாட்ச் என்ன விலை என்று கேட்பேன். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, வரப்போகும் நிலையத்தின் பெயரை முன்கூட்டியே மெல்லச் சொல்லிக்கொண்டு வருவான். அந்த ரயிலில் அவனைவிட நிம்மதியானவர் யாரும் இல்லை. அம்மா உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள். ஒரு கை அண்ணன் சட்டையைப் பிடித்திருக்கும், இன்னொரு கை என் சட்டையை. அவள் கண் மூடியிருக்கும், கை மட்டும் தூங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் கே.கே. நகர்க்காரர்கள். ஜாதகம் பொருந்தியிருந்தது, பையனுக்கு நல்ல வேலை. நான் ஆடாமல் இருக்கட்டும் என்று அம்மா தன் போனை என்னிடம் கொடுத்திருந்தாள். அதில் பாம்பு ஒன்று இரை தின்று நீளமாகும் ஆட்டம். தரமணி தாண்டும்போது அப்பா கூப்பிட்டார்.

"இன்னும் கிளம்பலடா. நான் சொல்றவரைக்கும் வராதீங்க. அம்மாட்ட சொல்லிரு."

"சரிப்பா."

உடனே பாம்புக்குத் திரும்பினேன். அது வாலைக் கடித்துச் சாக இரண்டு நிலையங்கள் ஆனது. அம்மா கண் விழித்து, "யாரு போன்ல?" என்றாள்.

"அப்பா."

"என்ன சொன்னாங்க?"

அப்பா என்ன சொன்னார் என்பதை என் தலைக்குள் தேடினேன். அங்கே பாம்புதான் இருந்தது. பஜ்ஜி இருந்தது. அது ஆறிக்கொண்டிருக்குமே என்ற கவலை இருந்தது.

"வரச் சொன்னாங்க," என்றேன்.

வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள். அம்மா அவற்றைப் பார்த்து நின்ற நொடியில் அண்ணன் உள்ளே போய்விட்டான். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவனுடையது. அதில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவர் எதிரே போய் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். சற்று நேரத்தில் மாப்பிள்ளை தானாகவே எழுந்துகொண்டார்.

"இப்பதான் ஊர்லேர்ந்து வர்றாங்க," என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அம்மா வாசலைப் பார்த்தார். "பை ஒண்ணும் காணோமே?"

பெரியவர்கள் திண்டாடும்போது கைகொடுக்க வேண்டாமா? நான் கொடுத்தேன். "நாங்க ஊருக்கெல்லாம் போகல. ரயில்லதான் ஒளிஞ்சிருந்தோம். ரெண்டு தடவை வேளச்சேரி பாத்தாச்சு." அதோடு நிறுத்தியிருக்கலாம். சோபாவின் கைப்பிடியில் ஏறி, கேசரித் தட்டில் கை ஊன்றி, பஜ்ஜிக்கு எட்டி, காபி டம்ளரை மாப்பிள்ளையின் பேண்ட்டில் கவிழ்த்து, துடைக்கிறேன் என்று கேசரிக் கையால் துடைத்தேன். அண்ணன் தன் நாற்காலியில் அமர்ந்து பஜ்ஜிகளைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள்.

அப்பா அம்மாவைத்தான் ஏசினார். போனை யார் எடுத்தது என்று அம்மா சொல்லவில்லை. பட்டுப்புடவையோடு நின்ற அத்தை, மிச்சமிருந்த பஜ்ஜி ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"விடுண்ணே. கல்யாணம் முடிஞ்சு அவங்க நம்ம வீட்டுக்கு வர்றப்பல்லாம் மதினி ரயில் ஏறணுமா? சீசன் டிக்கெட் எடுத்துக் குடுப்பியா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. கவனிப்பது என் துறை அல்ல.

இரண்டு வருடம் கழித்து அத்தைக்கு வேறு இடத்தில் முடிந்தது. அவர்கள் பார்க்க வந்தபோது நாங்கள் எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளைப் பற்றி.

மறுநாள் சாயங்காலம் தரகர் வந்தார். "வேணாம்னுட்டாங்க அண்ணாச்சி. பொய் சொன்னதுதான் அவங்களுக்கு ஆகல. அந்தம்மா ரொம்ப நாள் டீச்சரா இருந்தவங்க. ஒண்ணு சொல்லச் சொன்னாங்க, தப்பா எடுத்துக்கிடாதீங்க. பெரியவனை எதுக்கு ஒளிச்சு வைக்கிறாங்க, அவன் பாட்டுக்கு இருக்கான்னாங்க. சின்னவனைத்தான் ஒரு டாக்டர்ட்ட காட்டச் சொன்னாங்க."

அப்பா சிரித்தேவிட்டார். "அவனா? அவன் வாலுப்பய. அவனுக்கென்ன?"

பதினேழு வருடம் கழித்து, மூன்று வேலைகள் கைநழுவிய பிறகு, அடையாறில் ஒரு மருத்துவர் எனக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனமும் உடம்பும் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு, என்றார். அவருக்கு நான்கு சனிக்கிழமைகள் தேவைப்பட்டன. அதில் இரண்டு, நான் படிவத்தை நிரப்ப மறந்து வெறுங்கையோடு போனவை. அந்த அம்மாள் ஒரு பஜ்ஜி தின்று முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

தரகர் வந்த அன்று அம்மா சிரிக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அண்ணனைப் பார்க்கும்போது மட்டும் அவள் கண்ணுக்கு வரும் பார்வை அது, களைத்த, நீண்ட பார்வை. குறுக்கே நின்று நான் குட்டிக்கரணம் அடித்தாலும் என்மேல் ஒருநாளும் விழுந்ததில்லை. அது எதைத் தேடுகிறது, கண்டுபிடித்தால் அவளுக்கு என்ன ஆகும் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கும் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில், அவள் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றேன்.