நாலாம் நாளும் அதே ஏரி

ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் இந்த அறிவிப்புப் பலகையில் நான் வழக்கமாக ஒட்டுவது அடுத்தவர் மானத்தை. இன்றைக்கு என்னுடையது.

மத்தியானம் பட்டறையில் சாப்பிடும்போது ஃபிட்டர் மாணிக்கத்தின் பையிலிருந்து ஒரு காகிதம் விழுந்தது. தசராவுக்குப் பெண்டாட்டியோடு கப்பலேறி இலங்கை போகத் திட்டம். கோணல் கையெழுத்தை எழுத்துக் கூட்டி, பட்டறையே கேட்க வாசித்தேன்.

"மூணாம் நாள், கண்டி ஏரிக்கரையில் உட்காருவது. நாலாம் நாளும் அதே ஏரி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது போதுமா?

"ஏன்டா மாணிக்கம், உக்காரத்தானா கடல் தாண்டணும்? நம்ம ஊர் ஹுசேன் சாகர் ஏரிக்கரையில முள்ளா இருக்கு?"

அவன் சிரிக்கவில்லை.

"அவ எழுதினதுண்ணே. பதினெட்டு வருசமா பட்டறைச் சங்கு ஊதுறதுக்குள்ள டிபன் கட்டணும்னு ஓடிட்டே இருக்கா. சங்குச் சத்தம் கேக்காத ஊர்ல சும்மா உக்காரணுமாம்."

காகிதத்தை வாங்கி மடித்தான். "இனி நக்கோண்ணே, வேணாம். லீவே கேக்க மாட்டேன்."

நான் டிபனை மூடிவைத்தேன்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் பெண்டாட்டி காபி கொடுத்தாள். "என் எழுத்து உங்களுக்குப் புரிஞ்சுதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். லீவு மனுவில் அவனைக் கையெழுத்துப் போடவைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் என் பெண்டாட்டியிடம், "உனக்கு எங்க போய் உக்காரணும்?" என்றேன்.

"முதல்ல நீங்க எந்திரிங்க. கூட்டணும்."

மத்தியானம் சிரித்த மகராசன்களே, உங்கள் வீட்டிலும் கேளுங்கள். வந்த பதிலை, தைரியமிருந்தால், இதன் கீழே எழுதுங்கள்.