வெள்ளிக்கிழமை லைன்

கீழ்வேளூரில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில், வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. வளைகுடாவில் அன்று லீவு. ஜும்மா தொழுகை முடிந்ததும் பெண்கள் அங்கிருக்கும் கணவரோடு பேச, கேமரா முன் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பாழாய்ப்போன அந்த நேரத்தில்தான் வயலுக்கு மும்முனை மின்சாரம் விடுவார்கள். ஊரே பம்புசெட்டில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டு வீட்டில் இருக்கும்; கரண்ட் வந்ததும் அத்தனை மோட்டாரும் தானாக ஓடும். வோல்டேஜ் படுத்துவிடும். எங்கள் ரூட்டர் அணைந்து எழும்.

எழுந்தால் போதுமா? நான் சேமித்து வைத்த செட்டிங் ஒன்றும் இல்லாமல் மொட்டையாக எழும். துபாயில் பழைய சாமானாக வாங்கி, கம்பளியில் சுற்றி முதலாளி கொண்டுவந்தது. யு.பி.எஸ்ஸில் அதற்கு இடம் கேட்டால், "கம்ப்யூட்டருக்கே பத்தல தம்பி" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எல்லாவற்றையும் அடிப்பேன்.

வாராவாரம் வரும் அக்கா ஒருவர் அன்று உட்காரும்போதே சொன்னார். "இன்னைக்கு லைன் கட்டாகாம பாத்துக்குங்க தம்பி. நாளைக்கு அவங்க அங்க இன்னும் ரெண்டு வருச வேலைக்குக் கையெழுத்துப் போடப்போறாங்க. வேணாம், வந்துடுங்கன்னு சொல்லணும்."

வீட்டுக்கதை, பிள்ளைகளின் படிப்பு என்று சுற்றிச் சுற்றிப் பேசினார். எனக்கோ தவிப்பு. கடைசியில் குனிந்து, "போதும் மச்சான், வந்துடுங்க" என்றார். அதே நொடியில் மின்விசிறி தளர்ந்தது. திரையில் கணவரின் முகம் அப்படியே நின்றுவிட்டது.

"அவங்களுக்குக் கேட்டுச்சா தம்பி?"

எனக்கென்ன தெரியும்? வந்த ஆத்திரத்தில், இந்தமுறை எதையும் அடிக்காமல், அது எப்படித்தான் துவங்குகிறது என்று பார்த்தேன். சேமித்ததைப் படிக்காமலே துவங்கும்படி வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு தெரியாமல் உள்ளே நுழைய, முன்பு துபாயில் எவனோ செய்த கொல்லைப்புற வேலை. விற்கும்போது திருப்பி மாற்றவில்லை. என் செட்டிங் எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தது! அந்த ஒரு செட்டிங்கை மாற்றினேன். அணைத்துப் போட்டேன். எல்லாவற்றோடும் எழுந்தது. துள்ளிக் குதிக்காத குறைதான்.

கணவர் திரும்ப வந்தார். "என்னமோ சொல்ல வந்தியே?"

அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல மச்சான். ஒடம்பப் பாத்துக்குங்க."

சொல்லுங்கக்கா என்று கத்தவேண்டும்போல் இருந்தது.

அதற்குப்பின் மோட்டார்கள் ஓடி அணைந்தாலும் ரூட்டர் செட்டிங்கோடு தானே எழுந்துகொண்டது. அக்காவும் இன்னும் இரண்டு வருடம், வெள்ளி தவறாமல் வந்தார்.