என் எட்டும் மதினியின் ராணியும்

ஒரு பக்கம் கலங்கரை விளக்கப் படம். அதன் அடியில் சாம்பல் நிறக் கடல். மறுபக்கம் நார்வே நாட்டுத் தபால் தலை, எங்கள் ஊர் முத்திரை, நடுவில் நான்கு எண்கள்: 4148. முப்பது ஆண்டுகளாக என் அகராதிக்குள் கிடக்கும் அஞ்சலட்டை இது. முதல் மூன்று எண்களை எழுதியவர் ஓய்வுபெற்ற ஒரு கப்பல் கேப்டன். கடைசி எட்டை எழுதியவன் நான்.

கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் போகும் வழியில் எங்கள் ஊர். மதினி என் அண்ணன் மனைவி. அவருடைய அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். ரயில் வராத நேரத்தில் மகளைத்தான் எதிரே உட்காரவைத்து செஸ் ஆடுவாராம். எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு மதினிக்கு எதிரே உட்கார ஆளில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வாரப் பத்திரிகையில் தபால் வழி செஸ் போட்டியைப் பற்றிப் படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். விண்ணப்பத்தையும் நானே எழுதினேன். உலகத்தின் ஏதோ மூலையில் இருப்பவர் ஒரு நகர்த்தலை அட்டையில் எழுதி அனுப்புவார்; நாம் பதில் போட வேண்டும். போய்வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஓர் ஆட்டம் முடிய மூன்று நான்கு வருடம். இதற்கு மொழி வேண்டாம். கட்டத்துக்குக் கட்டம் எண் உண்டு. எங்கிருந்து எங்கே என்று நான்கு எண் எழுதினால் போதும். மதினி பலகையை உளுந்து மூட்டைகளின் மேல் வைத்திருந்தார். காய் அசைந்துவிடும் என்று, விலை ஏறிய வருடம்கூட அண்ணனை அந்த மூட்டைகளைத் தொட விடவில்லை.

நான் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஊர்த் தபால் நிலையத்தையும் நடத்திவந்தேன். வரும் அட்டையை முதலில் பார்ப்பவன் நான்தான். பார்த்ததோடு விட்டிருக்கலாம். ஒருநாள் டீக்கடையில் அந்த நான்கு எண்ணை வாய்தவறிச் சொன்னேன். மிளகாய் வியாபாரி அண்ணாச்சி அதன் கடைசி இரண்டு எண்ணில் முடியும் லாட்டரிச் சீட்டைக் கோவில்பட்டி பஸ் நிலையத்தில் தேடி வாங்கினார். சிறிய பரிசு ஒன்று விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கடலை மிட்டாய் கிடைத்தது. அதற்குப் பிறகு ஊரே மதினியோடு ஆடும் அந்த நார்வே கேப்டனைக் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்துவிட்டது. அட்டை வர நாளானால், “அந்த மனுசனுக்கு ஒடம்புக்கு என்னவோ, ஒரு கடுதாசி போட்டுக் கேளும்வே” என்பார்கள். செஸ் பலகையில் எட்டுக்கு மேல் எண் கிடையாது. இது தெரியாத அண்ணாச்சிக்கு ஒரு குறை.

“ஏன்வே போஸ்ட்மாஸ்டர், ஒம்பதும் சைபரும் அந்த ஊர்ல கெடையாதோ?”

“குளுருல அது ரெண்டும் வெறைச்சுப் போயிருக்கும், அண்ணாச்சி” என்பார் டீக்கடைக்காரர்.

மூன்றாவது வருடம். மதினி ஜெயிக்கும் நிலையில் இருந்தார். அவர் முகத்திலேயே அது தெரிந்தது. பருத்தி எடுக்கும்போது பாட்டுக்கூடப் பாடினார். அப்போது வந்ததுதான் இந்த அட்டை. வழக்கம்போல டீக்கடைக்குக் கொண்டுபோனேன். அட்டை கைமாறியது. யாரோ அதன் மேல் டீ கிளாஸை வைத்தார்கள். எடுத்தபோது கடைசி எண் கரைந்திருந்தது.

“எட்டுதான்வே, நல்லாத் தெரியுதே” என்றார் அண்ணாச்சி. நாற்பத்தெட்டில் சீட்டு வாங்க அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

காலையில் மூன்று என்று படித்ததாக எனக்கு ஞாபகம்; அண்ணாச்சி அடித்துச் சொன்னதில் அதுவும் சந்தேகமாகிவிட்டது. எண் இல்லாமல் கொடுத்தால் அட்டை டீக்கடைக்கு ஏன் போனது என்று மதினி கேட்பார். ஆபீஸ் பேனாவை எடுத்து ஓர் எட்டைத் தெளிவாக எழுதினேன். அந்தக் குலுக்கலில் நாற்பத்தெட்டும் வரவில்லை.

கேப்டன் யானையைச் சும்மா கொடுக்கிறாரே என்று மதினி நான்கு நாள் யோசித்தார். பிறகு தன் ராணியால் அதை வெட்டிப் பதில் போட்டார். ஒன்றரை மாதம் கழித்து அட்டைக்குப் பதில் உறையில் கடிதம் வந்தது. இங்கிலீஷ் கடிதம். படித்துச் சொல்லச் சொல்லி மதினி என்னிடமே கொண்டுவந்தார்.

‘நான் எழுதியது 4143. என் யானை 48-ம் கட்டத்துக்கு வரவே இல்லை. உங்கள் ராணி இப்போது என் யானைக்கு நேரே காவலில்லாமல் நிற்கிறது. இப்படிக் கிடைக்கும் ராணி எனக்கு வேண்டாம். என் அட்டையைப் போட்டி நடுவருக்கு அனுப்புங்கள். எண் எங்கே மாறியது என்று அவர் பார்த்துச் சொன்னால், அந்த இடத்திலிருந்து மறுபடியும் ஆடுவோம்.’

ஒரு வார்த்தையும் மாற்றாமல் படித்தேன். அன்று நான் செய்த ஒரே நேர்மையான காரியம் அது. நடுவர் அட்டையைப் பார்த்தால் இரண்டு மை தெரியும். கேள்வி தபால் இலாகாவுக்குப் போகும். என் வேலை போய்விடும். இதை நான் மதினியிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

“எழுதுங்க கொழுந்தனாரே” என்றார். “என் கண்ணு பிசகிட்டு. மூணை எட்டுன்னு பாத்துட்டேன். ராணியை எடுத்துக்கிடுங்கன்னு எழுதுங்க.”

அதே பேனாவால் எழுதினேன். உறையை ஒட்டிய பிறகு அட்டையை என் மேசையில் வைத்தார்.

“போஸ்டாபீஸ் பாஸ்புக்குல நீங்க எழுதுற எட்டை எத்தனை தடவ பாத்திருக்கேன். கார்டுல டீ வாசம் வேற. இத நீங்களே வச்சுக்கிடுங்க.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் செய்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன். ராணி இல்லாமல் இன்னும் பத்து மாதம் ஆடி மதினி தோற்றார். ஜெயித்த கையோடு கேப்டன் புது ஆட்டத்துக்கு 5254 என்று எழுதி அனுப்பினார். ஊர் ஐம்பத்துநான்கில் சீட்டு வாங்கியது. “இந்தத் தடவையாவது கார்டு டீ குடிக்காம வரட்டும்” என்றார் மதினி. வீட்டு விசேஷங்களில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “ராணியைக் குடுத்து ஒரு போஸ்ட்மாஸ்டரை வாங்குனேன், நட்டந்தான்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

மதினி இப்போது கோவில்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது. போன வாரம் அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்து, தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். மதினி மகளிடம் செஸ் பலகையைக் கேட்டார். காய்களை ஒவ்வொன்றாக, யோசிக்காமல் வைத்தார். முப்பது வருடத்துக்கு முன்னால் உளுந்து மூட்டையின் மேல் இருந்த அதே நிலை.

“நீங்கதான் கேப்டன். அந்த யானையை இப்ப மூணுல வைங்க.”

வைத்தேன். பிற்பாடு வந்த வருடங்களில் அவரோடு ஆடி ஆடி நானும் ஓரளவு கற்றிருந்தேன். இருந்தும் பதினோரு நகர்த்தலில் என் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. மதினி பல் இல்லாத வாயால் சிரித்தார்.

“கேப்டனுக்கு ஒரு கார்டு போடுங்க. நான் செயிச்சுட்டேன்னு.”

கேப்டன் இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அவர் முகவரி இந்த அட்டையில் இன்னும் தெளிவாக இருக்கிறது. இன்று காலை எழுதினேன். முதல் வரியில் ‘அந்த எட்டு நான் எழுதியது’ என்றும், அடுத்த வரியில் மதினி சொன்னதையும் எழுதினேன். டீக்கடைப் பக்கம் திரும்பாமல் நேரே போய்ப் பெட்டியில் போட்டேன்.